உட்கார இடம் இருந்த ஊர்

சென்னையில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் மறைந்துபோன ஹோட்டல்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு நாக்கிலிருந்துதான் தொடங்கும். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நெய் ரோஸ்ட், தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீம், மவுண்ட் ரோடு காபி ஹவுஸின் காப்பி என்று வரிசையாக வந்து, ‘அந்த ருசி இப்போ எங்கே கிடைக்குது’ என்ற பெருமூச்சில் முடியும். இந்தப் பெருமூச்சை நான் மதிக்கிறேன். ஆனால் தொலைந்தது ருசிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நல்ல நெய் ரோஸ்ட்டும் டிகிரி காப்பியும் இன்று ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. அன்றைக்கு இல்லாத வகைகளும் கிடைக்கின்றன. கிடைக்காதது, ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார ஓர் இடம்.

மறைந்த இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால் இது தெரிகிறது. 1964-இல் மவுண்ட் ரோட்டில் திறந்த சஃபையர் வளாகத்தில் மூன்று அரங்குகள் இருந்தன: சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட். மூன்றில் மக்கள் இன்றும் ஏக்கத்தோடு நினைப்பது புளூ டயமண்டைத்தான். அங்கே காலையிலிருந்து இரவுவரை ஒரே படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட் வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பாதிப் படத்தில் போய் உட்கார்ந்து அடுத்த சுற்றில் முதல் பாதியைப் பார்க்கலாம், பிடித்திருந்தால் இன்னொரு முறையும் பார்க்கலாம். வேலை தேடி அலைந்தவர்கள், அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லோருக்கும் குளிரூட்டிய இருட்டில் ஒரு நாற்காலி கிடைத்தது. படம் இரண்டாம் பட்சம். மூர் மார்க்கெட்டில் நாள் முழுக்க நின்று பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு ஒன்றும் வாங்காமல் வரலாம். டிரைவ்-இன்னில் மரத்தடியில் ஒரு பிற்பகலைக் கழிக்கலாம். சென்னையின் மத்திய வர்க்கமும் அதற்குச் சற்றுக் கீழே இருந்தவர்களும் இந்த இடங்களுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, பண்டத்துக்கல்ல, நேரத்துக்குத்தான்.

இந்த இடங்கள் ஏன் போயின? ‘காலம் மாறிப்போச்சு’ என்ற பதில் எனக்குப் போதவில்லை. காலம் தானாக எந்தக் கட்டடத்தையும் இடிப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நில உரிமையாளர் இருந்தார், ஒரு குத்தகை இருந்தது, ஒரு வழக்கோ தீயோ இருந்தது. நினைவுக் கட்டுரைகள் சாம்பாரின் மணத்தை எழுதுகின்றன, பட்டாவை எழுதுவதில்லை.

டிரைவ்-இன்னை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் 1898-இல் உடுப்பி அருகே வறுமையில் பிறந்தவர். சமையல்கட்டு எடுபிடியாகத் தொடங்கி, சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுன் ஹோட்டலில் உழைத்து, மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸை நடத்தியவர். 1938-இல் ராயப்பேட்டை வெஸ்ட்காட் சாலையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமாயிருந்த உட்லண்ட்ஸ் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார். ஹோட்டலுக்கு வைத்த பெயரே ஜமீன் மாளிகையின் பெயர்தான். பிறகு எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962-இல் கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் வந்தது. ஜமீன்தார்கள் நகரத்து மாளிகைகளை விட்டு விலகிக்கொண்டிருந்த காலத்தில், உடுப்பியிலிருந்து வந்த ஒருவர் அந்த மாளிகைகளின் தோட்டத்தையும் தாழ்வாரத்தையும் காசு கொடுத்து உள்ளே வரக்கூடிய எவருக்கும் திறந்துவிட்டார். தென்னிந்திய நகர வரலாற்றில் இது சிறிய நிகழ்ச்சியல்ல.

டிரைவ்-இன் நின்ற நிலம் கிருஷ்ண ராவுக்குச் சொந்தமானதல்ல. 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கைவசம் இருந்த பெரிய தோட்டத்தின் ஒரு பகுதி அது. அதனால்தான் அங்கே அத்தனை மரங்கள் இருந்தன. மரத்தடியில் காரை நிறுத்தினால் சர்வர் வந்து கண்ணாடியோரம் தட்டைப் பொருத்துவார். கார் இல்லாதவர்கள் உள்ளே கூடத்தில் டோக்கன் வாங்கித் தாங்களே எடுத்துக்கொண்டு உட்காரலாம். பெயர் கார்க்காரர்களுக்கு, கூட்டம் மற்றவர்களுக்கு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் அன்றைய அறிக்கையை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள். சினிமாக்காரர்கள் கதை பேசினார்கள். பக்கத்திலிருந்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி மாணவிகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். இந்தக் கடைசிச் செய்திக்கு நான் மீண்டும் வருவேன். அலுவலகம் வைத்துக்கொள்ள வசதியில்லாத எத்தனையோ பேருக்கு அதுவே அலுவலகம்.

நிலம் யாருக்கு என்பதில் அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. ஹோட்டல் அந்த வழக்கின் நிழலிலேயே நடந்து, 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் அரசு அமைத்த செம்மொழிப் பூங்கா 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது. மரங்கள் பல காப்பாற்றப்பட்டன. அதே நிலம் அடுக்குமாடிக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையில் இதைவிடக் கடுமையாக எழுதவேண்டியிருக்கும். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, மூடும் நேரம் உண்டு, அங்கே நடக்கலாம், படம் எடுக்கலாம். ஒரு மேசையின் இருபுறமும் உட்கார்ந்து வியாபாரம் பேசுவதற்கோ கதை விவாதிப்பதற்கோ அது அமைக்கப்படவில்லை. நகரத்துக்குத் தோட்டம் தேவைதான். அந்தத் தோட்டத்துக்குள்ளேயே ஒரு காப்பிக் கூடமும் தொடர்ந்திருக்கலாமே என்று கேட்க அப்போது அதிகம் பேர் இல்லை.

நிலம் ஒரு காரணம் என்றால், கணக்கு இன்னொரு காரணம். ஹோட்டல் முதலாளிகள் இதை ஒளிக்காமல் சொல்வார்கள். ஒரு நாற்காலியில் மணிக்கு மூன்று பேர் உட்கார்ந்து எழுந்தால் மூன்று பில். ஒருவரே ஒரு காப்பியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பில், அதுவும் சிறிய பில். வாடகை குறைவாக இருக்கும்வரை இரண்டாம் வகை ஆளைச் சகித்துக்கொள்ளலாம். கடை நிறைந்திருப்பதுபோல் காட்ட அவர் உதவவும் செய்வார். வாடகை ஏறும்போது முதலில் வெளியேறவேண்டியவர் அவர்தான். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவேண்டியதில்லை. மேசையைச் சிறிதாக்கினால் போதும். முதுகு சாயாத நாற்காலி போட்டால் போதும். சாப்பிட்டு முடிக்கும் முன்னே பில்லை வைத்தால் போதும். 1980-களிலும் 90-களிலும் சென்னையில் பரவிய ஃபாஸ்ட் ஃபுட் கூடங்கள் இன்னும் ஒரு படி போய் நாற்காலியையே எடுத்துவிட்டன. மார்பளவு உயரமுள்ள வட்ட மேசை, கையில் தட்டு, நின்றபடியே தோசை. தெருவோர வண்டிக் கடைகளைச் சென்னைக்காரர்கள் கையேந்தி பவன் என்று சொல்லி வந்தார்கள். காசு குறைந்தவர்களின் சாப்பாட்டு முறையாக இருந்தது, கண்ணாடிக் கதவு போட்ட ஹோட்டலுக்குள்ளும் நுழைந்தது.

2013-இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். 1 ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். இந்த நகரத்தில் உழைப்பவர்களின் பசிக்கு அது செய்த உதவியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அங்கும் பெரும்பாலும் நின்றுதான் சாப்பிடவேண்டும். காலையிலிருந்து கட்டட வேலையில் நின்றவர், சுமை தூக்கியவர், சாப்பிடவும் நிற்கிறார். பசியைப் பொது விஷயமாக ஏற்றுக்கொண்ட நகர நிர்வாகம், களைப்பை அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை.

டீக்கடை பெஞ்சும் இந்தக் கதையில் சேரும். ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்க, தமிழ்நாட்டு அரசியலின் பாதி வளர்ந்தது அந்த நீள மரப்பலகையில்தான். சாலைகளை அகலப்படுத்தும்போது முதலில் போவது கடை முகப்பு, முகப்போடு பெஞ்சும் போகும். மீந்த இடத்தில் அடுப்பும் பாய்லரும் மட்டுமே நிற்கும். டீ குடிப்பவர் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு குடிக்கிறார். பேப்பர் அவர் கைப்பேசியில் இருக்கிறது, அதை அவர் உரக்கப் படிப்பதில்லை.

மூர் மார்க்கெட் வேறு வகை. பிராட்வேயில் இருந்த பழைய பாப்ஹம் சந்தையின் நெரிசலையும் சுகாதாரக் கேட்டையும் காரணம் காட்டி, அதற்கு மாற்றாக மாநகராட்சி கட்டியது அது. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார், 1900-இல் திறந்தார்கள். அதாவது, நாம் இழந்துவிட்டோம் என்று ஏங்கும் அந்தச் சந்தையே, அதற்கு முன்னிருந்த ஒரு சந்தையை அப்புறப்படுத்திப் பிறந்தது. பாப்ஹம் சந்தையை நினைத்து இன்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது ஒரு காரணம். அங்கே கடை வைத்திருந்தவர்கள் எழுதும் வழக்கம் உள்ளவர்களல்ல என்பது இன்னொன்று.

நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் வளைவு வாயில்களும் கொண்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில் கிளியிலிருந்து கிராமபோன் தட்டுவரை எல்லாம் விற்றது. வாங்கத் தெரியாதவன் ஏமாறுவான், பேரம் தெரிந்தவன் ராஜா. ஆனால் தமிழ் ஆய்வுலகம் அந்தச் சந்தைக்குப் பட்ட கடன் கிளிக்கும் கிராமபோனுக்கும் அப்பாற்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் தமிழில் அச்சான சிறு நூல்கள், நாடகப் பாட்டுப் புத்தகங்கள், குஜிலிப் பதிப்புகள், நின்றுபோன இதழ்கள் ஆகியவற்றை எந்த நூலகமும் முழுமையாகச் சேர்க்கவில்லை. வீடு காலிசெய்தவர்கள் எடைக்குப் போட்டவை பழைய புத்தகக் கடைக்கு வந்தன, அங்கிருந்து தேடுபவர் கைக்குப் போயின. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெருந்தொகுப்பு, அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. அவரைப் போன்ற தனிச் சேகரிப்பாளர்கள் உருவாகப் பழைய புத்தகக் கடைகள் வேண்டும். அந்தக் கடைகள் பிழைக்க, வாங்காதவனையும் நிற்கவிடும் குறைந்த வாடகைச் சந்தை வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் இழப்பு முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது அடிக்குறிப்பில் ‘பிரதி கிடைக்கவில்லை’ என்று எழுதுவோம்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. இரண்டு ஆண்டுக்கு முன்புதான் மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் கட்டடமும் எரிந்திருந்தது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய அந்த இடம் ரயில்வேக்கு விரிவாக்கத்துக்குத் தேவைப்பட்டு வந்தது. தீக்குப் பின் அங்கே புறநகர் ரயில் முனையமும் முன்பதிவு அலுவலகமும் எழுந்தன. அதே ஆண்டில்தான் அந்த வட்டாரத்து உயிரியல் பூங்காவும் வண்டலூருக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு விலங்குகளைப் பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்குள் நுழையும் குடும்பக் கூட்டம், ஒரே ஆண்டில் இரண்டையும் இழந்தது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் தரப்பட்டன. கடை கிடைத்தது, கூட்டம் கூடவரவில்லை. ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் தற்செயலாக நுழைபவர்களை நம்பிய வியாபாரம் அது. வழியிலிருந்து பத்தடி விலகினாலும் தற்செயல் நின்றுபோகும். இன்று புறநகர் ரயில் பயணிகள் மூர் மார்க்கெட் வளாகம் என்ற பெயர் உள்ள நிலையத்தில்தான் ஏறி இறங்குகிறார்கள். பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றும் வெளியே இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். நினைவெழுத்தில் யாரும் தொடாத பகுதி இதுதான். எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுவே.

சென்னையில் குறைந்த வாடகையில் ஒரு ஹோட்டலோ புத்தகக் கடையோ அரை நூற்றாண்டு நடந்தது முதலாளியின் தாராளத்தால் மட்டுமல்ல. இரண்டு சட்டங்கள் அதற்குத் தாங்குதூணாக இருந்தன. ஒன்று, 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். பிறர் நிலத்தை வாடகைக்கு எடுத்து அதில் தானே கட்டடம் எழுப்பியவரை வெறுங்கையோடு வெளியேற்ற முடியாது. இழப்பீடு தரவேண்டும், சில நிலைகளில் நிலத்தையே விலைக்குக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இன்னொன்று, 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். நியாய வாடகையை நீதிமன்றம் நிர்ணயிக்கும், சட்டம் சொன்ன காரணமின்றி வெளியேற்ற முடியாது. இந்த இரண்டின் நிழலில்தான் திருவல்லிக்கேணி மெஸ்களும், பைகிராஃப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் கடைகளும், ஜார்ஜ் டவுன் சிற்றுண்டிச் சாலைகளும் தலைமுறை தாண்டின.

ஆனால் இரண்டிலும் வெளியேறும் வாசல்கள் இருந்தன. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று உரிமையாளர் காட்டினால் வாடகைக்காரர் போகவேண்டும் என்பது வாடகைச் சட்டத்திலேயே உள்ள பிரிவு. நில மதிப்பு ஏறாத காலத்தில் அது தூங்கிக்கிடந்தது. ஏறியபோது விழித்துக்கொண்டது. கோயில்கள், அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு 1970-களிலேயே வாடகைச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து சமய நிறுவனங்களின் நிலங்களை 1996-இல் நீக்கினார்கள். பழைய சென்னையின் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பகுதிகளில் கோயிலுக்கும் அறக்கட்டளைக்கும் எவ்வளவு நிலம் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கடைசியில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமே நீங்கி, 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாடகையை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது.

வீட்டுக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒரு மாதத் தேங்காய்ச் செலவுக்குக்கூடக் காணாத வாடகையில் மவுண்ட் ரோட்டுக் கட்டடத்தை வைத்திருந்த குடும்பங்களும் உண்டு. பராமரிக்கப் பணமில்லாமல் கூரை ஒழுகிய கட்டடங்களும் உண்டு. கோயிலுக்கு வரவேண்டிய வருமானத்தை வாடகைக்காரர்கள் தின்றார்கள் என்பதும் பல இடங்களில் உண்மை. ஆனால் ‘ருசி மாறியது, ரசனை மாறியது’ என்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, மாறிக்கொண்டிருந்தது சட்டமன்றத்தில் ஒரு பிரிவு. அதைப் பார்க்காமல் எழுதும் நினைவு பாதி நினைவு.

வேறு வழி இருந்திருக்குமா என்று கேட்டால், இந்தியன் காபி ஹவுஸைக் காட்டுவேன். காபி வாரியம் நடத்திய காபி ஹவுஸ்கள் 1950-களில் மூடப்பட்டபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ.கே. கோபாலன் போன்றோரின் முன்முயற்சியில் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு அவற்றைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம், 1958-இல் திருச்சூரில் காபி ஹவுஸ். கேரளத்தில் இன்றும் ஊர் ஊராக அவை நடக்கின்றன. பெங்களூர் எம்.ஜி. சாலைக் கிளைக்கு 2009-இல் இடம் போனபோது, அது சாகாமல் சர்ச் தெருவுக்குப் பெயர்ந்தது. லாபம் பங்குதாரருக்கல்ல, பரிமாறுகிறவருக்கே என்றிருக்கும் இடத்தில் நாற்காலிக் கணக்கு சற்று நிதானமாக ஓடுகிறது. சென்னையில் மவுண்ட் ரோட்டில் எழுத்தாளர்களும் செய்தியாளர்களும் கூடிய காபி ஹவுஸ் தொடரவில்லை. கூட்டுறவுப் பால், கூட்டுறவுப் பண்டகசாலை, கூட்டுறவு வங்கி எல்லாம் நடத்திக் காட்டிய மாநிலத்துக்கு ஒரு கூட்டுறவுக் காப்பிக்கடை முடியாத காரியமல்ல.

இதுவரை ‘எல்லோரும் உட்கார்ந்தார்கள்’ என்பதுபோல் எழுதிவந்தேன். அது உண்மையல்ல. யார் உட்காரலாம் என்ற கேள்வி இந்த ஹோட்டல்களின் வாசலிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் காப்பி ஹோட்டல் பிறந்தபோது சாதியையும் கூடவே சுமந்துகொண்டு பிறந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூல் இந்தப் பண்பாட்டு வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. பிராமணருக்குத் தனி அறை, மற்றவருக்குத் தனி அறை, தலித்துகளுக்கு வாசலே எல்லை. ரயில் நிலைய உணவகங்களிலும் இந்தப் பிரிவினை இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் அது நீங்கியது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் ஹோட்டலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவேண்டியிருந்தது என்றால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஊகிக்கலாம். 1957-இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்பதை நீக்கக் கோரி நாள்தோறும் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த ஆண்டு பலகை மாறியது.

ஆகவே, ‘அந்தக் காலத்து ஹோட்டலில் என்ன அமைதி, என்ன சுத்தம்’ என்று ஒருவர் நினைவுகூரும்போது, அந்த அமைதியும் சுத்தமும் யாரை வெளியே நிறுத்திக் கிடைத்தவை என்று கேட்பது நியாயம். அந்த ஏக்கத்தை அவமதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து ஏங்கத்தக்க இடமாக அதை மீண்டும் எண்ணிப்பார்க்க இந்தக் கேள்வி வேண்டும்.

பெண்களின் நிலையும் இப்படித்தான். ‘ஃபேமிலி ரூம்’ என்று தட்டி மறைத்த அறைகள் குடும்பத்தோடு வந்த பெண்களுக்கு. தனியாக ஒரு பெண் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தால் எல்லாத் தலைகளும் திரும்பும். டீக்கடை பெஞ்சு முழுக்க ஆண்களின் நிலம். இந்தப் பின்னணியில்தான் டிரைவ்-இன்னில் கல்லூரி மாணவிகள் கூட்டமாக வந்து உட்கார்ந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அம்மாவோ அண்ணனோ கூட இல்லாமல், கையிலிருந்த சில்லறைக்கு ஏற்ற விலையில், பகல் நேரத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்க ஓர் இடம். நகரத்தில் அன்று அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. இன்று குளிரூட்டிய காப்பிக் கடைகளில் பெண்கள் தனியாக மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அது முன்னேற்றம்தான். ஒரு கோப்பையின் விலை, தினக்கூலிப் பெண் ஒருத்தியின் அரைநாள் கூலியைத் தொடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஹோட்டல்களையும் கடைகளையும் விட்டுக் குடியிருப்புகளுக்கு வந்தால் ஏக்கத்தின் பாரபட்சம் இன்னும் துலக்கமாகத் தெரியும். மயிலாப்பூரின் ஓட்டு வீடுகள், எழும்பூரின் பங்களாக்கள், தியாகராய நகரின் திண்ணைகள் பற்றிப் புத்தகங்கள் உண்டு. 1991-இல் எஸ். முத்தையா தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ் இதழும், 2004 முதல் கொண்டாடப்படும் மெட்ராஸ் தினமும் அந்த நினைவுகளுக்கு மேடை தந்தன. பெரிய பணி அது. அது இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் பல செய்திகள் கிடைத்திருக்காது. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனதைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடியிருப்புகளின் நினைவு எங்கே?

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்பு கட்டித்தருவதுதான் கொள்கை. வேலை இடமும் பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருந்தன. கோயில் திருவிழா நின்றுபோகவில்லை. பின்னாளில் கொள்கை தடம் மாறியது. நகரத்துக்குள் இருந்த நிலம் விலையேற, மக்கள் வெளியே கொண்டுபோகப்பட்டார்கள். 2000-இல் தொடங்கிய கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தல் இன்னும் வேகமெடுத்தது. அந்த வீடுகளுக்குள் தண்ணீரும் மின்சாரமும் முன்பைவிட மேலாக இருக்கலாம். ஆனால் பெயர்க்கப்பட்டவர்களோடு ஒரு மீன் கடைத்தெரு, ஓர் ஆப்பக் கடை, கேரம் ஆடும் மன்றம், கானா பாடும் ஒரு மூலை எல்லாம் போயின. அவற்றுக்கும் ருசி உண்டு, வயது உண்டு, வாடிக்கைக்காரர் உண்டு. தாசப்பிரகாஷின் ஐஸ்கிரீமுக்குக் கிடைத்த பத்திகளில் நூறில் ஒரு பங்குகூட அந்த ஆப்பக் கடைகளுக்குக் கிடைக்கவில்லை.

பாரம்பரியப் பட்டியல்கள் இதில் அதிகம் உதவா. மவுண்ட் ரோட்டில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது. 2010-இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நகரத்தின் மரபுக் கட்டடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்க வழிவகுத்தது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, பூட்டிக்கிடக்கிறது. பட்டியல் வளைவுகளையும் கோபுரங்களையும் காப்பாற்றும். உள்ளே நடந்த வியாபாரத்தையும் பேச்சையும் காப்பாற்றும் விதி அதில் இல்லை. ஒரு பழைய ஹோட்டலைப் பாரம்பரியம் என்று அறிவித்தால் அதன் முகப்பு மிஞ்சும், பின்னால் நகைக்கடை வரும்.

வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. உடுப்பியிலிருந்தும், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் வந்த சிறுவர்களும் இளைஞர்களும் மேசை துடைத்து, தட்டு எடுத்து, மாவரைத்து, ஹோட்டல் மாடியிலேயே படுத்து வளர்த்தவை இந்த இடங்கள். 1958-இல் உணவு நிறுவனத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வரவேண்டியிருந்ததே அவர்களுடைய வேலை நேரம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று. நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டு மணி நேரமும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்களின் நினைவுகள் நிறைய அச்சாகியிருக்கின்றன. சர்வர்களின் நினைவுகளை யாராவது இப்போதாவது உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யவேண்டும். எழுபதும் எண்பதும் வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதலாளி குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்ட நாள் எது, கடைசி மாதச் சம்பளம் கிடைத்ததா, அதன்பிறகு எங்கே போனார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் அடுக்குமாடிக் கடைகள் வளர்ந்தபோது இந்த நிற்றல் புதிய அளவை எட்டியது. நாளெல்லாம் நிற்கும் விற்பனைப் பெண்களின் வாழ்வை 2010-இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரையில் காட்டியது. 2018-இல் கேரளம் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஒவ்வொரு பணியாளருக்கும் இருக்கை வைக்கவேண்டும் என்பது அதன் சாரம். கடைக்காரர்களின் சங்கங்களுக்கும் தொழிலாளர் அமைப்புகளுக்கும் இன்று முன்னுள்ள கேள்வி, அந்த நாற்காலிகளை எத்தனை கடைகள் போட்டன, போட்ட இடத்தில் எத்தனை பேரை உட்காரவிட்டார்கள் என்பது. பழைய ஹோட்டல்களின் பட்டியல் தயாரிக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்தக் கணக்கெடுப்பையும் சேர்த்துச் செய்யலாம். தெருக்கள் நமக்குப் பழக்கமானவைதான்.